பிளாட்பாரத்தில் பதிவான என் குரல்

காலை லோக்கல் ரயிலில் வந்து கரியாஹாட் பகுதி வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களை ஒன்றரை வருடம் படமெடுத்தேன். மாதம் நான்கு நாள் லீவு வேண்டுமென்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் படம்.

ஆவணப்படத்தை அதில் வருபவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். அவர்கள் வேண்டாமென்றால் வெளியே விடமாட்டேன். இதைப் பற்றி மேடைகளில் நிறைய அளந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம், டாலிகஞ்சில் என் வீட்டு ஹாலில் படத்தில் வரும் ஆறு பெண்கள் பாயில் வந்து உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது. அவர்கள் தலையாட்டாவிட்டால் ஒன்றரை வருடமும் போச்சு.

என் வீட்டில் வேலை செய்யும் மாஷி டீத் தட்டோடு கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் வங்காள வழக்கப்படி எனக்கு மாஷி, அதாவது சித்தி; ஆனாலும் என்னை அவர் தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருடமாக, நான் பார்க்காத நேரத்தில் என் சாம்பாரில் சர்க்கரை போட்டு அதைத் திருத்தி வருபவர். அவர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது.

அந்த ஆறு பேரில் மூத்த பெண் பேசாமல் ரயிலுக்குக் காத்திருக்கும் காட்சி வந்தது. நான் ஆசை ஆசையாக எடுத்தது. எடுக்கும்போது அவர் சேலையில் குத்தியிருந்த மைக்கை மறந்து, பக்கத்திலேயே நின்று போன் பேசியிருக்கிறேன். எடிட்டிங்கிலும் அதை ஸ்டேஷன் இரைச்சலென்று விட்டிருக்கிறேன். ஹாலில் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரில் என் அரைகுறை வங்காள மொழி கணீரென்று கேட்டது.

"மாஷி, நாளைக்கு லீவு வேண்டாமே. ஷூட்டிங் இருக்கு, வீட்டுக்கும் ஆளுங்க வராங்க. இந்த ஒரு தடவை மட்டும்."

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"அதை எடுத்துடறேன்" என்றேன்.

"எடுக்காதே தீதி" என்றார் அந்த மூத்த பெண். "எங்க வீட்டம்மாக்களும் இப்படித்தான் கேப்பாங்க. திட்டமாட்டாங்க, கொஞ்சுவாங்க. அந்தக் குரல் இருந்தா படம் போகட்டும். எடுத்தா நாங்களும் அதுல இல்ல."

சரியென்று தலையாட்டினேன். இன்றைக்கும் அது படத்தில் அப்படியே இருக்கிறது.

மாஷி தட்டை என் கையில் திணித்துவிட்டு, பாயில் அவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் வரல" என்றார். பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்ட மாதிரி, "டீ ஆறுது தீதி, எல்லாருக்கும் குடு."

முதல் கப்பை அவருக்குத்தான் கொடுத்தேன்.