மஞ்சள் முக்கோணம்

எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்புக்குள் ஒரு மஞ்சள் முக்கோணம் இருந்தது. அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. மூன்றாம் வகுப்பில் எனக்கு இருட்டைவிட, தெருநாயைவிட, ஊசியைவிட அதைக் கண்டால்தான் பயம். அது வந்த பிறகுதான் வாப்பாவின் முகம் காணாமல் போனது.

வாப்பா சவுதியில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும் லேப்டாப்பில் அவருடைய வீடியோ கால் வரும். காயல்பட்டினத்தில் அந்நேரம் பாதித் தெருவுக்கு இதே ஜோலிதான். உம்மா தலை சீவி, பவுடர் போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அதன் முன்னால் உட்காருவாள். அந்த வருஷம் அவள் பிள்ளைத்தாச்சி வேறு. முந்தைய பிள்ளை, அவளுக்குப் பிரஷர் ஏறி, வயிற்றிலேயே போய்விட்டதால், இந்த முறை சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உம்மாவின் தம்பி, என் மாமா, சாகுபுரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். வீட்டில் மிக்சி நின்றால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவராகவே வந்து லேப்டாப்பை எடுத்து ஏதோ செய்தார். எழுத்தெல்லாம் திடீரென்று பெரிதாகி, நிறம் வெளிறிப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவின் சத்தம் மட்டும் வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம்.

“படம் காட்டுத டிரைவர் ரெண்டு ஏறிட்டு லாத்தா. பழசும் புதுசும் மல்லுக்கு நிக்கி. வயசான லேப்டாப்புல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று அக்காவிடம் சொன்னார் மாமா.

டிரைவர் என்றால் திரையில் படம் வரவைக்கிற ஒரு சின்ன புரோகிராமாம். அது இரண்டாகிச் சண்டை போட்டால், லேப்டாப்புக்குள் இருக்கிற பட்டியலில் அதன் பேர் உள்ள வரிசையில் மஞ்சள் முக்கோணம் வந்துவிடுமாம். உம்மா நம்பினாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால், கறுப்புக் கட்டத்திலிருந்து வந்த குரல் வாப்பாவுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வார்த்தைகள் வாய்க்குள்ளேயே குழைந்தன. என்னைக் கூப்பிடும்போது வழக்கமான சிரிப்பைக் காணோம். வேறு யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு வாப்பா மாதிரிப் பேசுகிறான் என்று முடிவு கட்டி, ராத்திரி உம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினேன்.

வாரா வாரம் மாமா வருவார், லேப்டாப் முன்னால் உட்காருவார், உச்சுக் கொட்டுவார். ஒருநாள் உம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏலே, அந்தப் புதுச எடுத்துத்தான் பாரேன். இத்தன படிச்சு என்னத்துக்கு?”

அவள் பக்கத்திலேயே நின்றதால் மாமாவால் தட்டிக்கழிக்க முடியவில்லை. அந்த வரிசையில் ஒரு பட்டனை அமுக்கி, லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். அதற்குள் பால் பொங்குகிற வாசம் வந்து உம்மா அடுப்படிக்கு ஓடினாள். திரை மறுபடி வந்தபோது எழுத்து சின்னதாகி, பளிச்சென்று தெளிந்திருந்தது. முக்கோணத்தைக் காணோம்! நான் கத்துவதற்குள் மாமா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சடசடவென்று பழையபடி கெடுத்து வைத்தார். “பாத்தியா லாத்தா, கேக்க மாட்டேங்குது” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாமாவும் அந்த ஆளும் கூட்டு. உம்மாவிடம் சொன்னால் என்னையும் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவிடுவார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாமா அமுக்கிய பட்டன் எதுவென்று பார்த்து வைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ நேரம். தெருவில் ஓர் ஆண் கிடையாது. உம்மா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தாள். அதே வரிசை, அதே பட்டன். அணைத்துப் போட்டேன். முக்கோணம் போயிருந்தது. நாங்கள் ஆன்லைனில் வந்ததைப் பார்த்தோ என்னவோ, உடனே கால் வந்தது. எடுத்தேன்.

கறுப்புக் கட்டம் இல்லை. முகம் முழுக்க வெள்ளைத் துணி சுற்றிய ஓர் ஆள் இருந்தான். துணிக்கு வெளியே ஒரு கண்ணும், வீங்கிய உதடும், வெந்து சிவந்த காதும். அந்த உதடு அசைந்து என் பேரைச் சொன்னது.

யா அல்லாஹ்! மூடியைப் பட்டென்று அடித்துச் சாத்தி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தொழுகை முடித்து வந்த உம்மா, “என்னளா, வாப்பாவா?” என்று கேட்டாள். மூடியை விட்டு இறங்காமல், “படம் வரல” என்று மட்டும் சொன்னேன். பள்ளிவாசலிலிருந்து வந்த மாமா என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை மாடிக்குக் கூட்டிப்போய் இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார். ஓட்டல் அடுப்பு வெடித்ததாம். வாப்பாவுக்குச் சரியாகிவிடுமாம்.

“அங்கன கேமரா கெட்டுட்டுன்னா ஒங்க உம்மா நம்புவாளா? வாப்பா ரூம்ல இருக்க அத்தன பேருட்டயும் லேப்டாப் கெடக்கு. அதான் இங்கன கெடுத்தேன். நீ கெட்டிக்காரி, காட்டிக் குடுக்கல” என்றார்.

கெட்டிக்காரியாவது! பயந்தாங்கொள்ளி.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதன் பிறகே உம்மாவிடம் சொன்னார்கள். அவள் மாமாவைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வாப்பா ஊர் வந்தார். வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் யார் தோளையும் தொடவில்லை, பிள்ளையைக்கூட வாங்கவில்லை. என்னைத் தேடினார். கண்டதும், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

கறுப்புக் கட்டம் எங்களுக்கு மட்டும்தான், எங்கள் லேப்டாப்பின் கேமரா கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது, எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் மூடியைச் சாத்தியபோது என் முகம் எப்படி இருந்தது என்பதை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.