கழுவிக் கொடுத்த கிண்ணம்

என் வீட்டில் டம்ளர் ஒன்றுதான். நாமக்கல்லில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருஷமாகியும் அது இங்கே யாருக்கும் செரிக்கவில்லை. இந்த ஊர் வழக்கப்படி படியேறி வருகிறவருக்கு முதலில் தண்ணீரை நீட்ட வேண்டும், பேச்செல்லாம் அப்புறம்தான். நான் குடித்துக்கொண்டிருந்தால் வந்தவர் காத்து நிற்க வேண்டியதுதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு சட்டி, மாற்றுக்கு இரண்டு சேலை. கல்யாணமாகாத தையல் டீச்சருக்கு இதற்கு மேல் எதற்கு என்று இருந்தேன்.

பர்மாவை விட்டு வெறுங்கையோடு அனுப்பப்பட்டு, என்னோடு ரங்கூனில் கப்பலேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே எங்கள் வீட்டில் இரண்டு தேக்குப் பீரோ நிறையப் பீங்கான். துடைத்து அடுக்கவே ஒரு பகல் போகும். துறைமுகச் சோதனையில் என் வளையலைக் கழற்றச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. துடைத்துத் துடைத்து வீணாக்கிய பகல்களை நினைத்து ஆத்திரம்தான் வந்தது. இனி எதையும் சேர்ப்பதில்லை என்று கப்பலிலேயே முடிவு செய்தேன். அப்பாவின் பூர்வீக ஊர் என்று இங்கே வந்தேன். அப்பாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ரேடியோவுக்கும் மின்விசிறிக்கும் ஊரே அலைகிற இந்தக் காலத்தில், நான் மட்டும் கைவீசி நடக்கிறேன் என்று கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எதிர்வீட்டுப் பழனியம்மாள் முதல் வாரமே ஒரு கிண்ணத்தில் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்தாள். அதைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டு, கிண்ணத்தைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, அவள் பின்னாலேயே போய்க் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பொருள் என் வீட்டில் தங்கக்கூடாது.

“அதுக்குள்ளயுங்களா?” என்றாள், கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே.

என் சுத்தத்தை மெச்சுகிறாள் என்று நினைத்தேன். பிறகும் சில தடவை கிண்ணம் வந்தது. அதே வேகத்தில் திரும்பிப் போனது. அப்புறம் வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் போயிற்று. தனிமை என்னைத் தின்றது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தை மாதம் பழனியம்மாள் மகளுக்குக் கல்யாணம். வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாக அழைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். என்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போனார்கள். அன்று சாயங்காலம் ரோஷத்தை ஒதுக்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போய், “நான் என்ன தப்புச் செய்தேன்?” என்று கேட்டேன்.

“தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. கிண்ணத்த அப்பப்பவே கழுவி, வெறுங்கிண்ணமாக் கொண்டாந்து குடுத்துப்போட்டீங்க. எங்க ஒட்டே வேண்டாங்கறவங்கள எப்படிங்க கூப்புடறது?”

“பிறகு எப்போது கொடுப்பதாம்?”

“உங்க ஊட்ல ஏதாச்சும் பண்றப்ப அதுல போட்டுக் கொண்டாங்க. அதுவரைக்கும் அங்கயே கெடக்கட்டுமுங்க.”

எனக்கு இது தெரியாததா? ரங்கூனில் மாடியில் மா கின் என்ற பர்மாக்காரி, கீழே நான். அவளுடைய மீன்குழம்புச் சேமியா, மொஹிங்கா என்பார்கள், இறங்கி வரும், என் சாம்பார் ஏறிப் போகும். யார் கிண்ணம் யார் வீட்டில் என்ற கணக்கே கிடையாது. பீரோவைத் தலைமுழுகியபோது அதையும் சேர்த்துத் தலைமுழுகியிருக்கிறேன். சாமானைக் குறைக்கப் போய் மனிதர்களைக் குறைத்துக்கொண்டேன்.

பழனியம்மாள் அங்கேயே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். கல்யாணத்துக்குப் போனேன். மறுவாரம் அவள் கொடுத்த கிண்ணத்தைக் கழுவினேன், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. கப்பலுக்கு முந்தின நாள் மா கின்னுக்குப் பாயசம் கொடுத்தேனே, அந்தப் பித்தளைக் கிண்ணத்தில் என் பெயர் வெட்டியிருக்கும். அவள் அதை எதைப் போட்டு, எங்கே திருப்பித் தருவாள்? என் பெயர் ரங்கூனில் ஒருத்தியின் அடுப்படியில் இருக்கிறது. நான் இங்கே பழனியம்மாள் பெயர் போட்ட கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.