அவல்தார் வீட்டுப் புல்தரை

ஆட்டுப் புழுக்கையை உலக்கையால் இடித்து, சல்லடையில் சலித்து, விழுந்த தூளைப் பழைய வேட்டி ஒன்றில் பரப்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எலியேசர் அதில் விதை தேடுகிறார். கருவேலங்காயைத் தின்கிற ஆடு, காயைச் செரித்துவிட்டு விதையை மட்டும் முழுசாக வெளியே தள்ளிவிடும். முதல் வருஷம் சலிக்காமல் போட்ட எருவிலிருந்து பதினேழு கருவேலங் கன்றுகள் தலைகாட்டின. பதினேழையும் முள் முற்றுவதற்குள் பிடுங்கிவிட்டார் என்றாலும், ஆடுகள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையோரம் இருக்கிறது அவருடைய ஓட்டு வீடு. எலியேசர் என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். அவல்தார் என்று கேட்க வேண்டும். மகாயுத்தத்தில் பாஸ்ரா வரை போய் வந்து, ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கியவர். வீட்டுக்கு முன்னால் நாலு சென்ட் நிலத்தில் அருகம்புல் வளர்க்கிறார். அவரிடம் மாடும் இல்லை, ஆடும் இல்லை. வேறு யாராவது இப்படிச் செய்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள்.

புல் வந்தது சோழபுரத்திலிருந்து. அங்கே மொக்கைச்சாமி என்ற சம்சாரி, பருத்திக் காட்டில் கோடை முழுக்க அருகைத் தோண்டித் தோண்டி வரப்பில் எறிந்துகொண்டிருந்தார். அந்த வேர்களை எலியேசர் கேட்டு வாங்கினார். பருத்தி ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வருகிற வண்டியில் மூட்டைகளுக்கு மேலே வைத்து மொக்கைச்சாமியே கொண்டுவந்து இறக்கினார்.

"நாங்க இதக் கொல்லணும்னு மண்வெட்டியும் கையுமா அலையுதோம். நீரு என்னன்னா தண்ணி ஊத்தி வளக்கீரு! பட்டாளத்துல மண்டையில கிண்டையில அடிபட்டுச்சாவே?"

"ஆபீசர் பங்களாவுல எல்லாம் இப்பிடித்தான்வே இருக்கும். வீடுன்னா முன்னால பச்சையா ஒரு லான் வேணும்" என்றார் எலியேசர், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

இது முழுப் பொய். புல் வந்தது அவர் மனைவி தேவஇரக்கம் அம்மாளின் காலுக்காக. அந்த அம்மாளுக்கு நீரிழிவு. மிளகாயை அரைத்துப் பூசினாற்போல் உள்ளங்கால் இரண்டும் எரியும். காலில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண் வந்தால் ஆறாது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பங்களாவில் ஜெபக்கூட்டம். போய்விட்டு வந்த அம்மாள் சொன்னார்: "அந்தப் புல்லு மேல வெறுங்காலோட நின்னேன் பாத்துக்கிடுங்க, செத்த நேரம் எரியவே இல்ல." மறு வாரம் மொக்கைச்சாமியின் வண்டி வாசலில் நின்றது. உனக்காகத்தான் என்று இவர் சொல்லவில்லை. எனக்காகவா என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை. காலையில் அரைமணி நேரம் அந்த அம்மாள் புல்லில் நடப்பதும், இவர் பாரா நிற்பதுபோல ஓரமாக நிற்பதும் வழக்கமாகிவிட்டன.

அதனால் எந்த உரத்தைப் பார்த்தாலும் எலியேசருக்கு முதலில் அந்தப் பாதங்கள்தான் ஞாபகம் வரும். கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் புல் கருகருவென்று வரும். கூடவே கட்டெறும்பும் வரும். கண்மாய் வண்டல் நல்ல உரம்தான், ஆனால் கையால் அளைந்து பார்த்தபோது நத்தை ஓட்டுச் சில்லு விரலைக் கிழித்தது. ஒரு கூடை வண்டலையும் அப்படியே தெருவில் கொட்டினார். எலும்புத் தூள் போட்ட அன்று ராஜபாளையத்து நாய்கள் தங்கள் வம்சப் பெருமை எல்லாவற்றையும் மறந்து வேலியை நுழைந்து வந்து பள்ளம் பறித்துவிட்டுப் போயின. ஆக, சலித்த புழுக்கை ஒன்றுதான் மிச்சம். அது மட்டும் போதாமல் புல் வெளுத்துக்கொண்டே வந்தது.

போன மார்கழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உரக்கடை வைத்திருக்கும் சங்கையா ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே சர்க்கரைபோல வெள்ளை வெளேர் என்று ஒரு உப்பு.

"சீமை உரம் அவல்தார். எறும்பு வராது, முள்ளு வராது, நாயும் மோந்து பாக்காது. ஒரு வாரத்துல பச்சை பிடிச்சிரும்."

எலியேசருக்கு வேறென்ன வேண்டும்? எப்படிப் போடுவது என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கு உத்தரவு கொடுத்தே பழகிய மனுஷனுக்குக் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாரியாத்தாள் தன் அவரைக்கொடிப் பந்தலுக்குச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள். பனி ஈரம் காய்வதற்குள் தூவினால்தான் சாம்பல் இலையில் ஒட்டும், அசுவினிப் பூச்சி சாகும். இந்தச் சீமையில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலியேசரும் சிறு வயதிலிருந்து தூவியவர்தான். சாக்கை அவிழ்த்தார். பனி கோத்து நின்ற புல்லின் மேல், பந்தலுக்குச் சாம்பல் தூவுகிற அதே லாவகத்தோடு, வெள்ளை உரத்தை வீசினார். ஒவ்வொரு புல் தாளிலும் ஒட்டிக்கொண்டது. என்ன நேர்த்தி என்று தானே மெச்சிக்கொண்டு, "ஏட்டி, இன்னைக்கி நீ நடக்காண்டாம். உரம் போட்டிருக்கு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வெயில் ஏறியது. சாயங்காலத்துக்குள் நுனி கருகியது. மூன்றாம் நாள் நாலு சென்ட்டும் தேங்காய் நார் நிறத்தில் மொறமொறவென்று கிடந்தது.

தேவஇரக்கம் அம்மாள் வாசற்படியில் வந்து நின்று பார்த்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்கு இதப் போட்டீய?"

எதுக்கு என்று இப்போதாவது சொல்லியிருக்கலாம். எலியேசர் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். திட்டவில்லை. சிமெண்டுத் தரையில் குளிர்ச்சியான இடம் தேடிப் பாதங்களை இங்கும் அங்கும் மாற்றி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தார். பாதங்கள் தரையில் உரசுகிற அந்தச் சத்தம் எலியேசரைப் பாடாய்ப் படுத்தியது. அவளுக்கென்று இருந்தது அந்தப் புல் ஒன்றுதான், அதையும் என் கையாலேயே பொசுக்கிவிட்டேனே என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

செய்தி கேட்டு, சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் மொக்கைச்சாமி வந்தார். எலியேசரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி ஒரு வேரை இழுத்தார். வேர் வெள்ளையாக, விறைப்பாக வந்தது.

"சாம்பல் இலைக்கு, உரம் வேருக்கு. இதுகூடவா தெரியாது? சரி, விடும். எங்க பாட்டன் காலத்துல இருந்து இதக் கொல்லப் பாக்கோம், எங்களாலயே ஏலல. உம்ம அரைச்சாக்கு உப்புலயா செத்துரும்? தண்ணிய விடும்வே, மண்ணுல உப்பு அம்புட்டும் கழுவிப் போகட்டும்."

தன் குலத்துக்கே பகையான புல்லுக்காக ஒரு சம்சாரி இப்படிப் பரிந்து பேசியது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். எலியேசர் பதினாறு நாள் கிணற்றில் இறைத்து ஊற்றினார். தோள்பட்டை வீங்கியது. பதினேழாம் நாள் ஊசி ஊசியாகப் பச்சை வந்தது. ஆனால் சோகை பிடித்த பச்சை. கால் வைத்தால் தாங்காது. அதற்குத் தீனி வேண்டும், கைவசம் இருந்ததோ மிச்சமிருந்த அரைச்சாக்கு அதே உப்பு.

சாக்கையே பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சங்கையாவிடம் போய், "எப்படிப் போடணும்?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். புல் நன்றாகக் காய்ந்திருந்த பிற்பகலில், ஒரு பங்கு உரத்தோடு மூன்று பங்கு ஆற்றுமணலைக் கலந்து, நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை, கையை அடக்கி வீசினார். தாளில் தங்கியதைத் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டார். பிறகு தண்ணீர் ஊற்றினார், ஊற்றினார், மாரியாத்தாள் எட்டிப் பார்த்து, "கெணறு வத்திரும் ஐயா" என்று சொல்லும்வரை ஊற்றினார்.

பத்து நாளில் புல் அடர்ந்து, கரும்பச்சையாக, மெத்தென்று எழுந்து நின்றது.

அன்று காலை தேவஇரக்கம் அம்மாள் பழையபடி வாசற்படி இறங்கி, ஒரு காலைத் தூக்கினார்.

"ஏட்டி, செத்த நில்லு" என்றார் எலியேசர்.

அப்போதுதான் சவரம் செய்திருந்தார். கத்தி இழுத்த கன்னத்தில் ஒரு பொடி உப்புப் பட்டாலும் சுரீர் என்று காட்டிக் கொடுத்துவிடும். தெருவில் ஆள் போவதையும் பார்க்காமல், அவல்தார் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துப் புல்லில் கன்னத்தை வைத்தார். அந்த அம்மாள் நடக்கிற தடம் நெடுகிலும் அங்குலம் அங்குலமாக உரசிக்கொண்டே ஊர்ந்து போனார். வேலி முனை வந்ததும் திரும்பி, மறு கன்னத்தை வைத்தார்.