குடையக்காவுக்கு வந்த புது கேமரா

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையைத் தாண்டிப் பதினாறு படி ஏறினால் ஒரு பச்சைக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஊரே மறந்துவிட்டுப் போன சாமான்கள், இந்தப் பக்கம் ஒரு மணி. மணியை அடித்தால் முதலில் குரல் வரும், ஆள் பிறகுதான் வருவார். அந்த ஆள் குடையக்கா.

பேருந்தில் தொலைந்த பொருள்களைப் பாதுகாத்து உரியவரிடம் சேர்க்கும் எழுத்தர் என்றுதான் நியமன உத்தரவில் போட்டிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர் சீட்டுக் கட்டிய குடைகளுக்குக் கணக்கே இல்லாததால் ஓட்டுநர்கள் அதைச் சுருக்கிக் குடையக்கா என்று ஆக்கிவிட்டார்கள். குடை மட்டும்தான் வந்தது என்றில்லை. ஒற்றைச் செருப்பு, பல் செட்டு, சுவர்க் கடிகாரம், யாருடையதோ முழங்கால் எக்ஸ்ரே எல்லாம் வந்தன. ஒரு முறை உயிருள்ள ஆமை ஒன்று வந்தது. சொந்தக்காரர் வந்து சேர்வதற்குள் அது அலமாரிக்குப் பின்னால் புகுந்துவிட, ஏற்கெனவே தொலைந்த ஆமையை அரை நாள் மறுபடி தேட வேண்டியதாயிற்று.

வந்த பொருளுக்கு எண் கட்டி, பதிவேட்டில் எழுதி, படம் எடுத்து, கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றுவார். படத்தைப் பார்த்து ஆட்கள் வருவார்கள். வந்தவர்களை எடைபோடுவதில்தான் குடையக்காவின் கெட்டிக்காரத்தனம் இருந்தது. மூன்று கேள்வி கேட்காமல் பொருளைக் கண்ணில் காட்ட மாட்டார். மூன்றாவது கேள்வி எப்போதும் ஓர் அடையாளத்தைப் பற்றியதாக இருக்கும்: பிடியில் ஒரு கீறல், உள்பையில் ஒரு தையல், இப்படிச் சின்னதாக ஒன்று. உண்மையான சொந்தக்காரருக்கு மட்டும்தான் அது தெரியும், படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்குத் தெரியாது. இது தன் சாமர்த்தியம் என்றே அவர் நினைத்திருந்தார்.

அவர் கணவரின் தம்பி கேமரா பழுது பார்க்கிறவன். அதே வீட்டின் மாடியில் குடியிருந்தான், ராத்திரிச் சாப்பாடு மட்டும் கீழே அண்ணியின் கையால். சாப்பிடும்போதெல்லாம் அண்ணியின் படங்களைப் பற்றி ஏதாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அந்தக் கேமராவுக்குப் பதினோரு வயது, அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, ஜன்னலை அலமாரி அடைத்த அந்த இருட்டறையில் அது பாவம் என்ன செய்யும் என்பான். சென்சார் என்றால் படத்தை வாங்கிக்கொள்கிற சில்லு என்றும், அது பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் விழும், படம் தெளியும் என்றும் தட்டில் கோடு போட்டு விளக்குவான்.

"தட்டைப் பெருசாக்கினா சாப்பாடு கூடிடுமா தம்பி?" என்பார் குடையக்கா.

சரி, அந்தச் சில்லை மட்டும் மாற்றித்தா என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். அப்படியெல்லாம் முடியாது, கேமராவையே மாற்ற வேண்டும் என்றான் அவன். கண்ணில் கோளாறு என்றால் தலையையே மாற்றச் சொல்கிற வைத்தியனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவனுக்குத் துணையாக எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்தது. பயணி ஒருவர் மேலாளருக்கே எழுதியிருந்தார்: நானூற்றுப் பன்னிரண்டாம் எண் படத்தில் இருப்பது குடையா, காக்கையா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். மேலாளர் அதை மேலும் கீழும் படித்து, படத்தையும் பார்த்து, தனக்கும் அந்தச் சந்தேகம் இருப்பதாக ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு வாரத்தில் புது கேமரா வந்தது. கொழுந்தனே வந்து அதைத் தாங்கியில் பொருத்தி, எல்லாப் பாகமும் கூர்மையாக விழுவதற்காக உள்ளே வெளிச்சம் நுழையும் துவாரத்தை நன்றாகச் சுருக்கி வைத்து, இனி எதையும் தொடாதீர்கள் அண்ணி, இந்தப் பொத்தானை மட்டும் அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் நாள் எடுத்த படங்களையும் பழைய படங்களையும் குடையக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இணையப் பக்கத்தில் எல்லாம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஒன்று போலவே தெரிந்தன. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவனுக்குப் போன் போட்டார். படத்தின் மேல் அழுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றான். பெரிதாக்கினார். போனை வைத்துவிட்டு அடுத்த படத்தையும் பெரிதாக்கினார்.

பழைய படத்தில் கறுப்புக் குடை என்பது ஓர் ஓட்டை, அதன் மேல் யாரோ சிவப்பும் நீலமுமாக மணலைத் தூவிய மாதிரி இருக்கும். புதுப் படத்தில் துணியின் மடிப்பு தெரிந்தது, கம்பி தெரிந்தது, கம்பியில் ஏறிய துரு தெரிந்தது. முன்பு ஒரு கறுப்புக் குடைக்கு ஏழெட்டுப் பேர் படியேறி வந்து, என்னுடையது இல்லை என்று இறங்கிப் போவார்கள். இப்போது ஒருவரோ இருவரோதான் வந்தார்கள். நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்வதில் குடையக்காவுக்குக் கஷ்டமில்லை. கொழுந்தனிடம் மட்டும் சொல்லவில்லை.

தெளிவில் சில சங்கடங்களும் இருந்தன. ஒரு பெண் போனில் கூப்பிட்டு, அந்தச் சாம்பல் நிறக் கோட்டு தன்னுடையதுதான், ஆனால் காலரில் இருக்கிற அழுக்கு ஊருக்கே தெரிகிற மாதிரி படம் போட்டிருப்பதால் வாங்க வரமுடியாது, தயவுசெய்து படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு வயலின் வந்தது. தந்த நிறப் பெட்டி, நல்ல பெட்டி. மூடி ஒரு படம், திறந்து ஒரு படம் எடுத்து ஏற்றினார். மறுநாளே ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு கோப்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. உட்கார்ந்த தோரணையிலேயே பாதிப் பெட்டி அவருடையது ஆகிவிட்டது.

உள்துணி என்ன நிறம் என்று கேட்டார் குடையக்கா. கத்தரிப்பூ நிறம் என்றார். வில்லில் ஏதாவது கட்டியிருக்கிறதா? சிவப்பு நூல். மூன்றாவதாக, கைப்பிடிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆணியால் கீறின பெருக்கல் குறி என்று அவர் மூச்சு விடாமல் சொன்னார். மூன்றும் சரி. குடையக்கா பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்தவர், கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

"பூட்டுக்கு வலது பக்கம் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒண்ணு இருக்கும் பாருங்க. எத்தனையோ தடவை தேய்ச்சுப் பாத்துட்டேன், போகல."

பெட்டியை எடுத்துவர உள்ளே போன குடையக்கா பூட்டுக்கு வலது பக்கம் பார்த்தார். புள்ளி இல்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், பெட்டியைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். இல்லை. கணினியில் படத்தைத் திறந்தார். பூட்டுக்கு வலது பக்கம், கடுகளவு, கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்தின படத்தைத் திறந்தார். அது ஒரு வெள்ளைத் தொப்பி. படத்தின் அதே மூலையில், தொப்பியின் விளிம்பில், அதே புள்ளி. அதற்கும் முந்தினது ஒரு குழந்தையின் காலுறை. அதிலும் இருந்தது.

ஒரு நிமிஷம் உட்காருங்கள் என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட்டு, கொழுந்தனுக்குப் போன் போட்டு மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"அது தூசி அண்ணி. சென்சார் மேல உக்காந்திருக்கு. அதைத் தட்டி விடற வரைக்கும் எந்தப் படம் எடுத்தாலும் அதே எடத்துல விழும்."

"அப்போ பெட்டியில கிடையாது."

"பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

குடையக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்த ஆள் படத்தைப் பெரிதாக்கி, உள்துணி, நூல், கீறல் என்று ஒவ்வொன்றாகப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான். இத்தனை வருஷம் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் கண்டுபிடிக்காததற்குக் காரணம் தன் சாமர்த்தியம் இல்லை, பழைய கேமராவின் கண் மங்கல் என்பதும் கூடவே விளங்கியது. அது கொஞ்சம் சுருக்கென்றது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, பெட்டியோடு வெளியே வந்தார்.

அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று விசாரித்தார். பையன் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டான் என்று அந்த ஆள் ஆரம்பித்தார். பையனுக்கு அப்போது வயது ஆறு என்றார், அடிக்கக்கூட மனசு வரவில்லை என்றார். குடையக்கா முழுக்கக் கேட்டார். பிறகு பெட்டியை அவர் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தார். கணினித் திரையையும் திருப்பினார், தொப்பிப் படத்தோடு.

"உங்க பையன் இந்தத் தொப்பியிலயும் மை தெளிச்சிருக்கான் போல."

ஆள் தொப்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பேருந்துக்கு நேரமாகிறது என்றார். பதினாறு படியும் எப்படி இறங்கினார் என்று தெரியாது, காலடிச் சத்தம் நாலைந்துதான் கேட்டது. உற்றுப் பார்ப்பதற்காகக் கழற்றிய மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது. குடையக்கா அதற்கு ஒரு சீட்டுக் கட்டி, எண் போட்டு, படம் எடுத்து ஏற்றினார். இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை.

உண்மையான சொந்தக்காரர் ஒன்பது நாள் கழித்து மனைவியோடு வந்தார். பேக்கரி வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். பேருந்துக் கம்பெனிக்கு இப்படி ஓர் இணையப் பக்கம் இருப்பதை வீட்டில் ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லை, கடைக்கு வந்த ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் மனைவி ஜன்னலை மறைத்து நின்ற அலமாரியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் கேள்விகளில் மனிதர் தடுமாறினார். உள்துணி நீலமா பச்சையா என்று தனக்கே குழப்பம் என்றார், வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாராம். நூலும் நினைவில்லை, கீறலும் நினைவில்லை. போன ஆள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான், இவர் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்கிறார் என்று யோசித்தபடி குடையக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். துணியின் தையல் ஓரங்களில் மெல்லிய வெள்ளை மாவு படிந்திருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தார். சுட்ட ரொட்டியின் வாசனை. இதையெல்லாம் எந்தச் சென்சார் வந்தாலும் படத்தில் காட்டப் போவதில்லை என்று அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

இருந்தாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு இழுப்பு வாசித்துக் காட்டச் சொன்னார். பேக்கரிக்காரர் கண்ணை மூடி இழுத்தார். கீழே ஓய்வறையில் படுத்திருந்த ஓட்டுநர்கள் எழுந்து பிரேக் பிடித்தது எந்த வண்டி என்று பார்த்தார்கள்.

"எங்க வீட்டுதுதாங்க," என்றார் மனைவி. "சந்தேகமே வேண்டாம்."

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. புது கேமராவால் படத்தின் தரம் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். குடையக்கா பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். கறுப்புக் குடைக்கு ஆம். தீப்பெட்டி அளவுப் படத்துக்கு இல்லை. கோட்டுக்காரியைக் கேட்டால் வேறு பதில் வரும். கடைசியில் ஆம் என்று குறித்து, மிச்ச இடத்தில் ஜன்னலை மறைக்கும் அலமாரியை அகற்ற இரண்டு ஆள் அனுப்பும்படி எழுதினார்.

ஆள் வந்து அலமாரி நகர்ந்தது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் வெயில் விழுந்தது. மேஜையை ஜன்னலடியில் போட்டு, ஒரே குடையைப் பழைய கேமராவில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்தார். இரண்டையும் உள்ளங்கை அளவுக்கு அச்சுப் போட்டு, ராத்திரி கொழுந்தனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எது எது என்று சொல்லச் சொன்னார்.

அவன் கை கழுவிக்கொண்டு வந்து, விளக்குக்குக் கீழே பிடித்து, சாய்த்து, நிமிர்த்தி, வலது கையில் இருந்ததைக் காட்டினான். இந்த ஆழம் பெரிய சென்சாரால் மட்டும்தான் வரும் என்றான். குடையக்கா படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். பழசு என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அவன் இரண்டு நாள் மாடியிலேயே சாப்பிட்டான். மூன்றாம் நாள் இறங்கி வந்து, வெயில் இருந்தால் எல்லாக் கேமராவும் யோக்கியன்தான், இருட்டில்தான் சாயம் வெளுக்கும் என்றான். குடையக்கா அதை மறுக்கவில்லை. மேகம் மூடிய நாளிலும் கறுப்புச் சாமானுக்கும் புதியது, மூன்றாவது கேள்விக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டிய சாமானுக்குப் பழையது என்று அவரே ஒரு வழி கண்டிருந்தார். இரண்டும் இப்போது ஒரே ஆணியில் தொங்குகின்றன.

போன வாரம் பக்கத்து நிலையத்தில் இதே வேலை பார்க்கிறவர் போன் செய்து, தானும் புது கேமராவுக்கு எழுதிப் போடலாமா என்று யோசனை கேட்டார்.

"உங்க ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார் குடையக்கா.

இருக்கிறது, முன்னால் அலமாரி நிற்கிறது என்றார் அவர். முதலில் அதை நகர்த்திப் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். மறுநாள் காலையிலேயே மறுபடி போன். அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பதித்திருக்கிறார்களாம், அசையவில்லையாம்.

"அப்போ கேமராவுக்கே எழுதிப் போடுங்க," என்றார் குடையக்கா.