மூட்டையில் போன மிதவைகள்

மகள் சுற்றுச்சூழல் முகாமுக்குப் போய்விட்டு வந்தாள். ஷூவை வாங்கித் தட்டினேன். ஒரு பொட்டு மணல் இல்லை. படூரில் ஏதோ ஏசி ஹாலில் உட்காரவைத்து, பெரிய திரையில் கடலைக் காட்டினார்களாம். சான்றிதழ் மட்டும் கெட்டி அட்டையில் பளபளக்கிறது. ஷூவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தேன். "அய்யே, என்னப்பா பண்றீங்க?" என்றாள். நான் தேடியது அந்தக் கவுச்சியை. ஈர நைலான் கயிறும் நெத்திலியும் கலந்த நாற்றம். என் முதல் சம்பளமே அந்த நாற்றத்தில் வந்ததுதான், சும்மாவா!

அப்போது நானே முகாம் நடத்துகிறவன். சிரிக்காதீர்கள். செங்கல்பட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் மாங்காய் பத்தை தின்னும் இடம், அவ்வளவுதான். ஆனால் தொப்பியும் விசிலும் மாட்டிக்கொண்டால், சிறுசேரி கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளுக்கு நான் சொல்வதெல்லாம் வேதவாக்கு. சனிக்கிழமை காலையில் வேனில் ஏற்றி, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு குப்பத்தில் இறக்குவோம். நண்டு வளை பார்ப்பது, கிளிஞ்சல் சேர்ப்பது, கடைசியில் குப்பை பொறுக்குவது. எந்தக் குழுவின் மூட்டை கனமோ அதற்கு ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீம் யோசனை அடியேனுடையது.

ஹரிணி என்று ஒரு வாலு. படகுகளுக்குப் பின்னால் போனவள், மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, எங்க மூட்டதான் வெயிட்டு! தெர்மாகோல், கயிறு, ஆயில் கேன், கிழிஞ்ச கொடி, எல்லாம் அள்ளிட்டோம்!" நானும் தூக்கிப் பார்த்து சபாஷ் போட்டேன். ஊராட்சி டிராக்டர் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளைகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தபோது செல்வி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அங்கே நின்ற படகுகளில் ஒன்று அவள் புருஷனுடையது.

"யோவ் தொப்பி! இங்க குமிச்சி வெச்ச மிதப்பெல்லாம் இன்னா ஆச்சு?"

"குப்பைன்னு நெனச்சு..."

"குப்பையா? அதக் கட்னாதான்யா வல மெதக்கும்! சாயங்காலம் அவரு கடலுக்குப் போவணும். வலய அப்பிடியே முழுகவுட்டு வரச் சொல்றியா?"

பல நாள் சும்மா கிடந்த பிறகு மீன் படத் தொடங்கிய வாரம் அது. அன்றைக்குப் படகு நின்றால் அவர்கள் பிழைப்பு போச்சு; குப்பத்தார் எங்களை இனி மணலில் கால்வைக்க விடுவார்களா?

எல்லோரும் வேனில் ஏறினோம். செல்வி முன் சீட்டில். வழி நெடுக எனக்கு அர்ச்சனை. டிரைவர் ரசித்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். டிராக்டரை மடக்கி, சாலையோரத்தில் மூட்டைகளைக் கொட்டினோம். "இது நம்மளுது. இது குப்ப. ஐயே, இத்தப் போடு கீழ!" என்று செல்வி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பிரித்தார்கள். ஹரிணி அழுதுகொண்டே, "ஐஸ்கிரீம திருப்பிக் குடுத்துடறேன், அக்கா" என்றாள். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துன்னத எப்பிடிம்மா திருப்பிக் குடுப்ப? கொடியத் தேடு, போ. அது இல்லன்னா கடல்ல வல எங்க கெடக்குன்னு தெரியாது."

திரும்பி வந்து மணலில் வட்டமாக உட்கார்ந்து மிதவைகளை வலையில் கட்டினோம். நான் போட்ட முடிச்சுகளை செல்வி அவிழ்த்து மறுபடி போட்டாள். பெற்றோரின் போன்கள் அலற அலற, படகு அலை தாண்டும்வரை ஒரு பிள்ளையும் வேனில் ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் எந்தச் சான்றிதழிலும் வராது.

மகள் முகாமிலிருந்து வந்த அடுத்த ஞாயிறு அவளை அங்கே அழைத்துப் போனேன். சாலையிலிருந்து இறங்கினால், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் குவியல். கல்லுக்கு அந்தப் பக்கமே கடல். நாங்கள் வட்டமாக உட்கார்ந்த இடமெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறது. படகுகள் வேறு குப்பத்துக்குப் போய்விட்டன. மீன் விற்றுக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்ததும், "தொப்பி எங்கயா?" என்றாள். "புள்ளைங்கள இட்டுகினு வர்றதில்லயா?"

"எங்க உக்கார வெக்கிறது, செல்வி?"

அவள் கடலைப் பார்த்தாள். "அன்னிக்கு நாலு மிதப்பத் தூக்கினு போனதுக்கு உன்ன அந்தக் கத்து கத்துனேன். இப்ப மொத்த மணலும் பூட்ச்சு. யாராண்டயா போய்க் கத்துறது?"