நிஜார் போட்டவர்

போன வாரம் மகளோடு பாண்டி பஜார் போயிருந்தேன். துணிக்கடை வாசலில் ஒரு பொம்மை. அதற்கு மாட்டியிருந்த பேண்ட் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. துணி பத்தவில்லையோ என்று நினைத்தேன். "இதான்மா கேப்ரி" என்றாள் மகள். "நிஜார்னு சொல்லுடி" என்றேன். கடைப் பெண் சிரித்தாள். "மெதுவா பேசும்மா, மானம் போவுது" என்று மகள் என் கையைக் கிள்ளினாள். அந்த வார்த்தைக்கு இருந்த மானம் அவளுக்கு எங்கே தெரியும்?

நிஜார் என்றால் உங்களுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அரை டிராயர்தான் ஞாபகம் வரும். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குப்பத்தில் அது வேறு. ஆம்பளைகள் கட்டுமரத்தைத் தள்ளும்போது லுங்கியை அவிழ்த்துப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நிஜாரோடு தண்ணீரில் இறங்குவார்கள். கோடு போட்ட கெட்டித் துணி, முழங்காலை மூடும், இடுப்பில் நாடா, உள்ளே புகையிலைக்கு ஒரு பை. எவ்வளவு துவைத்தாலும் கவிச்சி போகாது. உப்பேறி, கொடியில் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு தொங்கும். அந்த வாசனை வீட்டுக்குள் வந்தால்தான் ஆள் கரை சேர்ந்தான் என்று மனசு அடங்கும். கரையேறினால் லுங்கி கட்டியாக வேண்டும். நிஜாரோடு தெருவுக்குள் வந்தால் பெரியவர்கள் விடமாட்டார்கள். அது தண்ணீருக்கு உண்டான உடுப்பு. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்க நைனா கேட்டது ஒன்றுதான்: "பையன் நிஜார் போடறானா?" கடலுக்குப் போகிறானா என்று அர்த்தம்.

போட்டார், நன்றாகவே போட்டார். தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாசம் கட்டுமரம் அலையில் புரண்டு அவர் தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் தோளுக்கு மேலே போகவில்லை. துடுப்புப் பிடிக்காத கையோடு கடலில் என்ன செய்வது? நான் கூடையில் மீன் கொண்டுபோகிற அடையாறு ஃபிளாட்டில் ஒரு அம்மா சொல்லி வாட்ச்மேன் வேலை கிடைத்தது. என் ஒரு கூடையில் மூன்று பிள்ளைகளை வளர்க்க முடியாது. அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு பிடிமானம் இல்லை.

காக்கிச் சட்டை, காக்கி பேண்ட். முதல் நாள் அவர் நடந்ததைப் பார்த்திருக்கணும் நீங்கள். இடுப்பளவு தண்ணீரில் போகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "சிரிக்காதடி, காலைக் கட்டிப் போட்டா மாரி கீது" என்றார்.

ஐப்பசி மழைக்கு ஃபிளாட்டில் கார் நிறுத்துகிற இடமெல்லாம் வெள்ளம். பக்கெட்டால் இறைப்பது அவர் வேலை. நனைந்த பேண்ட் காலில் சுற்றிக்கொண்டு படுத்திவிட்டது போல. மறுநாள் காலையில் மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் பேண்டின் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே அறுத்துவிட்டார்.

"இன்னாயா பண்ற?"

"தண்ணில வேலை கீதில்ல?" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்து போனார்.

நான் கூடையோடு போய்ச் சேர்ந்தபோது ஃபிளாட் செக்ரட்டரி அவரை நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "லேடீஸ் போற வர்ற எடத்துல நிஜாரோட நிக்கிற? இது ஃபிளாட்டா, மீன் மார்க்கெட்டா?"

"தண்ணி எறைக்க இதான் சார் தோது."

"நாளைக்கு ஃபுல் பேண்ட்டோட வா. இல்லேன்னா வராத."

எனக்குப் பொறுக்கவில்லை. "கடலுக்குப் போற உடுப்பு சார் அது. அதைப் போட்டுக்கினு இவரு புடிச்ச மீனைத்தான் நீங்க இத்தினி நாளா துன்னீங்க" என்றேன்.

"நான் சைவம்மா" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்க வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதுதான் என்னை அறுத்தது.

சாயங்காலம் அறுத்த துண்டுகளை என் முன்னால் வைத்தார். "தைச்சுக் குடு."

"வேணாம்யா. வேற வேலை பாத்துக்கலாம்."

"எங்க கீது?"

வலை முடையும் நைலான் நூலால் தைத்துக் கொடுத்தேன். முழங்காலைச் சுற்றி வரப்பு மாதிரி தடித்துத் தெரிந்தது. "இன்னா மாமா, காலுக்கு ஒட்டு போட்டுக்கினியா?" என்று குப்பத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அதுவரைக்கும் வேலை முடிந்து மணல் வழியாக வந்தவர், பிறகு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். மணலில் வலை பிரிக்கிற ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களே. வேலை நிலைத்தது. பிள்ளைகள் படித்தார்கள்.

மழை விட்ட பிறகு கொடியில் கிடந்த அவருடைய பழைய கடல் நிஜாரைக் காணோம். காற்றில் போயிருக்கும் என்று தேடினேன். மறுநாள் ஃபிளாட்டில் பார்த்தால், அதைத் தண்ணீரில் பிழிந்து பிழிந்து ஒரு வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "துணி கேட்டாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பக்கத்தில் கார்க்காரர் நின்றார். அன்றைக்கு மீன் கூவாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது அந்த ஃபிளாட் இல்லை, இடித்து உயரமாகக் கட்டிவிட்டார்கள். கட்டுமரமும் இல்லை, எல்லாம் ஃபைபர் படகு. அவரும் போய்விட்டார். வாட்ச்மேன் வேலைக்குப் போன பிறகு அத்தனை வருஷம் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் கடைசி வரை அதில் கால் நனைக்கவில்லை. கருமாதிக்குப் பிள்ளைகளைக் கடலில் முழுகச் சொன்னார்கள். என் இரண்டு மகன்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். ஒரு சின்ன அலை வந்தது. இரண்டு பேரும் பயந்து பின்னால் ஓடினார்கள்.