டீச்சர் வெறுமனே விட்ட பக்கம்

சர்ச்சுக்குப் போகும்போது தலையில் போடுகிற வெள்ளை முக்காட்டில் சுற்றித்தான் டீச்சர் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு வெள்ளைப் படம். சின்னப் பெட்டியில், பூக்களுக்கு நடுவில், கண் மூடிக் கிடக்கும் ஒரு பச்சைக் குழந்தை. பிறந்த அன்றைக்கே இறந்துபோன அவருடைய மூத்த மகன். இறந்தவரைப் பெட்டியில் வைத்துக் கடைசியாக ஒரு படம் எடுப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அதுவே முதல் படமும்.

நாகல் நகரில் ஒரு துணிக்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நான் டிஜிட்டல் ஸ்கிராப்புக் வகுப்பு நடத்துகிறேன். பழைய போட்டோ, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரிலேயே பக்கம் பக்கமாக ஒட்டி, பூவும் ரிப்பனும் வைத்து, ஓரத்தில் நாலு வரி எழுதிப் புத்தகமாக்குகிற வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் மவுஸைத் தொடவே பயப்படுவார்கள். அதனால் முதல் நாளே தைரியம் சொல்லிவிடுவேன். "ஒரிஜினலத் தொடாதீங்க. ஒரு காப்பி எடுத்துக்கிட்டு அதுல என்ன வேணா பண்ணுங்க. கெட்டுப்போச்சுன்னா அழிச்சுக்கலாம்." அதை நான் ஏதோ வேதவாக்கு மாதிரி சொல்வேன்.

ரிட்டயரான கணக்கு டீச்சர் அவர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காக அந்தப் புத்தகத்தைச் செய்தார். தன் கல்யாணப் பக்கத்தில் அவர் அப்பிய ரோஜாக்களுக்கு நடுவில் மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. "சார் எங்க டீச்சர்?" என்று கிண்டல் செய்தேன். "அவுக எப்பவுமே ஒளிஞ்சுக்கிற ஆளுதான்" என்றார். பிள்ளையின் பக்கத்தில் மட்டும் ஒரு இலைகூட இல்லை. நடுவில் படம், சுற்றிலும் வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள், "இது வெறுமனே இருக்கட்டும் தம்பி" என்றார்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். பாவம், இந்தப் படத்தை என்ன செய்வதென்று டீச்சருக்குத் தெரியவில்லை என்று நானாக முடிவு கட்டினேன். மூடிய கண்ணைத் திறந்துகாட்டும் ஆப் ஒன்று அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. காப்பியில்தானே செய்கிறோம் என்று பிள்ளையின் கண்களைத் திறந்தேன். பெட்டியை அழித்துத் தொட்டில் வைத்தேன். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பும் வைத்தேன். டீச்சர் அழுவார், என் கையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள் என்றெல்லாம் எண்ணி வைத்திருந்தேன். செய்த காரியத்தைவிட இந்த எண்ணத்தைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை, "கண்ண மூடுங்க டீச்சர்" என்று விளையாட்டுக் காட்டித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணைத் திறந்தவர் வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

"இது யாரு பிள்ளை?" என்றார்.

சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"அவன் கண்ணத் தொறக்கவே இல்ல தம்பி. எப்படி இருந்திருக்கும்னு நானா நெனச்சுக்கிருவேன். ஒரு நாளு அவுக அப்பா கண்ணு மாதிரி இருக்கும். ஒரு நாளு எங்க அம்மா கண்ணு." திரையில் இருந்த கண்களைக் காட்டினார். "இனிமே இதுதான வரும்."

அவர் முன்னாலேயே அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். டீச்சர், "விடுங்க, நல்லதுக்குத்தான செஞ்சீக" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

இப்போதும் புதிதாக வருகிறவர்களுக்கு காப்பி எடுக்கத்தான் முதலில் சொல்லித்தருகிறேன். கெட்டுப்போனால் அழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்வதில்லை.

போன மாதம் டீச்சர் புத்தகத்தை முடிக்க வந்தார். வெள்ளைப் பக்கம் அவர் விட்டபடியே இருந்தது. சரிபார்ப்பதற்காக முக்காட்டைப் பிரித்துப் படத்தை மேசையில் வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளை கண் மூடிக் கிடந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"இப்ப அவன் கண்ணு எப்படி வருது டீச்சர்?"

"பாக்கும்போது மூடித்தான் இருக்கான் தம்பி" என்றார், முக்காட்டை மறுபடியும் படத்தின் மேல் மடித்துக்கொண்டே. "சுத்தி வச்ச பெறகுதான் தொறக்குறான்."